குழந்தை 1

மணி இரண்டு முப்பத்திரண்டுக்குத் தணிகாசலத்தின் சட்டைப்பையில் போன் ஒருமுறை அதிர்ந்து அடங்கியது. எடுத்துப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை, பகல் சாப்பாட்டுக்குப் பிறகு இந்த வேளைக்கு இப்படி ஒற்றை அதிர்வு வந்தால் அது என்ன என்று அவனுக்குத் தெரியும், ஏழு மாதமாகத் தெரியும், இருந்தாலும் எடுத்துப் பார்த்தான். குழந்தை 1 தொட்டிலில் படுக்கவைக்கப்பட்டது. எடை 7.6 கிலோ. தொட்டில் ஆடத் தொடங்கியது. பார்த்துவிட்டுப் போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்தான், பிறகு நிமிர்த்தி வைத்தான், பிறகு வருகைப் பதிவேட்டை அதன்மேல் பாதி மறைகிற மாதிரி நகர்த்தினான். நுங்கம்பாக்கத்து ஹோட்டல் ஒன்றின் முதல் மாடியில், ஹாலுக்கு வெளியே, வெள்ளைத் துணி விரித்த மேஜைக்குப் பின்னால் அவன் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் நாற்பது பைகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு செய்திக் குறிப்பு, ஒரு நோட்டு, ஒரு பேனா. மூன்றரைக்குப் பிரஸ் மீட். போனில் சொன்னால் மாவரைக்கும் கிரைண்டர் ஒன்றை உள்ளே மேடையில் பட்டுத்துணி போர்த்தி வைத்திருக்கிறார்கள், துணியை விலக்க ஒரு நடிகை வருகிறார், அவர் வருகிறாரா இல்லையா என்பதுதான் இந்த மாடியில் எல்லோருக்கும் இன்றைய கவலை. தணிகாசலத்துக்குக் கவலை என்று ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் மரத்துப்போன மாதிரி ஏதோ இருந்தது, பல் பிடுங்கப்போய் ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டுப் பார்ப்போமே, அந்த மாதிரி. அது தன் கன்னம்தான் என்று தெரியும், அவ்வளவுதான்.

தொட்டில் என்றால் தானே ஆடும் தொட்டில். குழந்தை அழுதால் காதில் வாங்கிக்கொண்டு ஆடும், அழுகை கூடினால் வேகம் கூட்டும், தூங்கினதும் நின்றுவிடும், எடை பார்க்கும், எல்லாவற்றையும் போனுக்குச் சொல்லும். தயாரித்த கம்பெனியின் பெயரைக் கண்ட இடத்தில் சொல்வதில்லை என்று அவன் கையெழுத்துப் போட்டிருக்கிறான், நமக்கும் எதற்கு வம்பு, தொட்டில் கம்பெனி என்றே வைத்துக்கொள்வோம். கம்பெனிகளுக்குப் பத்திரிகைத் தொடர்பு பார்த்துக்கொடுக்கும் ஏஜென்சி ஒன்றில் அவனுக்கு இது பத்தொன்பதாவது வருஷம். புதுப் பொருள் வந்தால் அதை எழுதுகிறவர்கள் வீட்டுக்கு அனுப்பி, சில வாரம் வைத்துக்கொள்ளச் சொல்லி, எழுதி முடித்ததும் திரும்ப வாங்கி வருவது அவன் வேலைகளில் ஒன்று. தொட்டிலில் ஐந்து அப்படிப் போயின. ஐந்தாவது முபாரக் வீட்டுக்கு, பெரம்பூருக்கு. முபாரக் ஒரு நாளிதழில் டெக்னாலஜி பக்கம் பார்க்கிறவர், அப்போது அவர் வீட்டில் பிறந்து ஒரு மாதமே ஆன பெண் குழந்தை. எழுதுகிறவருக்குத் துளி சிரமமும் இருக்கக் கூடாது என்பது இந்தத் தொழிலில் முதல் பாடம், அதனால் தணிகாசலமே போய்ச் சட்டத்தை நிறுத்தி, கொக்கியில் மாட்டி, அந்த வீட்டு வைஃபையில் இணைத்து, ஆப்பைத் தன் போனிலேயே இறக்கி, தன் நம்பரிலேயே பதிவு செய்தான். குழந்தையின் பெயர் என்ன என்று கட்டம் கேட்டது. கேட்கக் கூச்சமாக இருந்தது, முபாரக் வேறு போனில் யாருடனோ பேசிக்கொண்டிருந்தார், கட்டத்தில் தானாக வந்திருந்த குழந்தை 1 என்பதையே விட்டுவிட்டான். முபாரக்கின் மனைவி டீ கொண்டுவந்தார், சர்க்கரை வேண்டாம் என்றான், போட்டாச்சே என்று சொல்லி உள்ளே போய் வேறு போட்டுக்கொண்டு வந்தார். மூன்று வாரத்தில் முபாரக் அரைப் பக்கம் எழுதினார். கம்பெனிக்கு ஒரே குஷி. தொட்டில் அங்கேயே இருக்கட்டும், குழந்தை பழகிவிட்டது பாவம் என்று ஜாடை காட்டினார்கள். கணக்கில் அப்படி எழுத முடியாது, அதனால் ஐந்து வரிகள் கொண்ட பட்டியலில் கடைசி வரியில் தணிகாசலம் திரும்பப் பெறப்பட்டது என்று அடித்தான். ஊரில் எல்லா ஏஜென்சியிலும் இப்படித்தான் அடிக்கிறார்கள். திரும்ப வந்தது என்று அடித்தால் அது திரும்ப வந்ததுதான். ஆனால் ஆப்பில் தன் பெயரை எடுத்துவிட அவன் மறந்துபோனான். மறந்தானா என்பது வேறு விஷயம்.

நேற்று மதியம் வீடியோவில் கூடினார்கள். ஏஜென்சியின் தலைவி நந்திதா, தொட்டில் கம்பெனி அதிகாரி ஒருவர், சட்டைக் கழுத்து நனைந்துபோன ஒரு இன்ஜினியர். இன்ஜினியர் சொன்னது இவ்வளவுதான்: தொட்டில் தொங்குகிற கொக்கிக்குள்ளே ஒரு ஆணி, முதலில் தயாரானவற்றில் அது லேசான உலோகம், குழந்தை ஏழு கிலோவைத் தாண்டி நெளியவும் புரளவும் ஆரம்பித்தால் தேய்ந்துவிடுகிறது, ஒரு பக்கம் திடீரென்று இறங்கிவிடும். ஆறு வீட்டில் இறங்கியிருக்கிறது. ஒரு குழந்தைக்குக் காறை எலும்பு முறிந்திருக்கிறது. அப்போது தணிகாசலம் கையில் பேனா இருந்தது, காறை எலும்பு என்று எழுதி, அடித்துவிட்டு, ஓரிரு நிகழ்வுகள் என்று எழுதினான். கை அதுபாட்டுக்கு எழுதியது. நாளை வெள்ளி, நாலு மணி வரை யாரிடமும் மூச்சு விடக் கூடாது, நாலு மணிக்கு அறிக்கை, அதே நிமிஷம் தொட்டில் வாங்கினவர்கள் எல்லோருடைய ஆப்புக்கும் எச்சரிக்கை, ஷேர் வைத்திருக்கிறவர்களுக்கும் அப்போதுதான் தெரிய வேண்டும், முன்னால் கசிந்தால் வழக்காகிவிடும் என்று அதிகாரி சொன்னார். பிறகு ஒன்று கேட்டார். எழுதுகிறவர்களுக்குக் கொடுத்ததில் ஏதாவது வெளியே இருக்கிறதா? தணிகாசலம் வாயைத் திறந்தான், ஐந்தும் திரும்ப வந்துவிட்டது என்றது வாய். நந்திதா தலையாட்டினார். அதற்கப்புறம் அவர்கள் அறிக்கையில் எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதைப் பற்றிப் பேசினார்கள். அவன் முழு நேரமும் கேமராவில் தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான், ரொம்ப நம்பகமான முகம், இந்த மனிதர் சொன்னால் சரியாக இருக்கும் என்று அவனுக்கே தோன்றியது.

உள்ளே யாரோ மைக்கைத் தட்டி ஹலோ ஹலோ என்றார்கள். ஹோட்டல்காரர் ஒருவர் வந்து பிஸ்கட் தட்டை இந்த மேஜையில் வைக்கலாமா என்று கேட்டார், வைக்கலாம் என்றான். தெரியாமல் இல்லை அவனுக்கு. நேற்று மதியத்திலிருந்து தெரியும். தெரிந்தது உள்ளே போய் எங்கேயும் படாமல் கீழே போய்க்கொண்டே இருந்தது, அவ்வளவுதான் சங்கதி. இது இன்று நேற்று வந்ததில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷத்தில் ஒரு கம்பெனி தயாரித்த பொம்மையின் கண்ணை ஏதோ ஒரு குழந்தை விழுங்கிவிட்டது, அன்று ராத்திரி அவனால் சாப்பிட முடியவில்லை, அறிக்கையில் நாலு தடவை மன்னிப்பு என்று எழுதிக் கொண்டுபோனான், அப்போதிருந்த மேலாளர் நாலையும் சிவப்பில் அடித்து, வருந்துகிறோம் என்று ஒரே ஒரு தடவை போட்டு, தம்பி, வருத்தம் வேற, மன்னிப்பு வேற என்று சொல்லிக்கொடுத்தார். அதைப் பிடித்துக்கொண்டு விறுவிறுவென்று மேலே வந்தவன் அவன். அப்பா போனபோது அரக்கோணத்தில் வீட்டு வாசலில் பந்தல் போடுவதற்குள் தினசரிக்கு அனுப்ப இரங்கல் குறிப்பு தயாராக இருந்தது, மேலே தலைப்பு, கீழே அப்பாவைப் பற்றிச் சித்தப்பா சொன்னதாக ஒரு மேற்கோள், சித்தப்பா அப்படி எதுவும் சொல்லவில்லை, சொல்லியிருக்க வேண்டியதைத் தணிகாசலம் எழுதி அவரிடம் காட்டி ஒப்புதல் வாங்கினான். சித்தப்பா அதைப் படித்துவிட்டு அழுதார், எழுதினவன் அழவில்லை. நல்ல பிள்ளை, எல்லாத்தையும் எப்படித் தாங்கிக்கிறான் பார் என்று நாலு பேர் சொன்னார்கள். தாங்குவதற்கு அங்கே எதுவும் இல்லை என்பதை அவன் யாரிடம் போய்ச் சொல்வான். எடை 7.6. போன மாதம் 7.1 இருந்தது. ஏழு கிலோவைத் தாண்டிய நாள் அவனுக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, ஏனென்றால் அன்று சாயங்காலம் அதைச் சுகந்தியிடம் சொன்னான்.

சுகந்தி அவன் மனைவி. கல்யாணமாகிப் பதினாலு வருஷம். குழந்தை இல்லை. ஆஸ்பத்திரிகள், ஊசிகள், ஒருமுறை மூன்று மாதம் வரை வந்து நின்றது, அதற்குப் பிறகு ஒரு நாள் இருவரும் எதுவும் பேசிக்கொள்ளாமலேயே நிறுத்திவிட்டார்கள். சொந்தக்காரர்கள் கேட்டபோதெல்லாம் தணிகாசலம் இப்போதைக்குச் சொல்ல எதுவும் இல்லை என்று சிரித்துக்கொண்டே சொல்வான், அது கம்பெனிகளுக்கு அவன் எழுதிக்கொடுக்கிற வரி, சிரிப்பு மட்டும் சொந்தம். வீட்டில் பேச்சு என்பது பால், கேஸ், வாட்டர் கேன் என்று வற்றிப்போய்விட்டது. ஒரு நாள் சாப்பிடும்போது தட்டுக்குப் பக்கத்தில் இருந்த போன் அதிர்ந்தது, குழந்தை 1 உறங்கிவிட்டது என்று வெளிச்சமாக எழுத்து வந்தது. சுகந்தி பார்த்துவிட்டாள். யாருது என்றாள். ஆபீஸ் விஷயம், எடுத்துவிட வேண்டும், மறந்துவிட்டது என்றான். அவள் ரசம் ஊற்றினாள். நாலு நாள் கழித்து, அதே நேரம், அடுப்படியிலிருந்து திரும்பாமலே, தூங்கிடுச்சா என்று கேட்டாள். என்ன கேட்கிறாள் என்று புரிய அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. போனைப் பார்த்து, இன்னும் இல்ல, ஆடிட்டிருக்கு என்றான். அன்றிலிருந்து தினம் கேட்கிறாள். சளி பிடித்திருக்க வேண்டும், இன்றைக்கு ஆறு தடவை முழித்திருக்கிறது என்று இவன் சொல்வான், பல் வருதோ என்னவோ என்று அவள் சொல்வாள். இரண்டு பேரும் ஒரு வீட்டில் இருக்கிறார்கள் என்பதற்கு இப்போது அது ஒன்றுதான் அத்தாட்சி. அதனால்தான் அவன் ஆப்பை எடுக்கவில்லை, இதைச் சொல்லிவிடுவது நல்லது, மறதி ஒன்றுமில்லை. யாரோ பெற்ற குழந்தையின் தூக்கத்தைத் திருடித்தான் இரண்டு பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நேற்று சாயங்காலமும் கேட்டாள். தூங்கிடுச்சா? தூங்கிடுச்சு என்றான். காறை எலும்பு என்ற சொல் அப்போது நெஞ்சுக்குள் எங்கேயோ இருந்தது, சாம்பார் சாதத்தோடு அதுவும் இறங்கிவிட்டது.

இரண்டு ஐம்பதுக்குக் குணசீலன் வந்தார். மாலைப் பத்திரிகை நிருபர், அறுபதை நெருங்குகிறவர், எந்தப் பிரஸ் மீட்டுக்கும் முதல் ஆளாக வந்து கடைசி ஆளாகப் போகிறவர், கேள்வி கேட்கவே மாட்டார், கேட்டால் கம்பெனிக்காரன் தண்ணீர் குடிப்பான். பதிவேட்டில் பெயரை எழுதி, பையைத் திறந்து பேனாவை எடுத்துப் பார்த்து, உள்ளே போய் உட்காராமல் மேஜைக்கு எதிரே இருந்த சோபாவில் பிஸ்கட்டோடு சாய்ந்தார். கிரைண்டர் தானாவே அரைக்குமா தணிகை என்று கேட்டார். போனில் சொன்னால் அரைக்கும் சார் என்றான். அரிசியை யார் ஊறப் போடுறது என்றார். தணிகாசலம் சிரித்தான், அந்தச் சிரிப்போடேயே போனை எடுத்து முபாரக்கின் நம்பரை அழுத்தினான், எப்போது தீர்மானித்தான் என்று அவனுக்கே தெரியாது. இரண்டு தடவை மணி அடித்தது, துண்டிக்கப்பட்டது. உடனே ஒரு செய்தி வந்தது, போனில் முன்கூட்டியே எழுதி வைத்த செய்தி: ப்ளீஸ் மெயில் பண்ணுங்க. அவரைக் குறை சொல்ல முடியாது. பிரஸ் மீட் நாளில், மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்னால், ஏஜென்சிக்காரன் கூப்பிட்டால் அது வர்றீங்களா சார் என்று கேட்கத்தான், மறுநாள் கூப்பிட்டால் மெயில் பார்த்தீங்களா சார் என்று கேட்கத்தான். ஊரில் இருக்கும் ஐம்பது ஏஜென்சியிலிருந்தும் அவருக்கு நாள் முழுக்க அதே இரண்டு கேள்வி. பத்தொன்பது வருஷத்தில் தணிகாசலம் முபாரக்கை நூறு தடவை கூப்பிட்டிருப்பான், ஒரு தடவைகூட வேறு எதற்கும் கூப்பிட்டதில்லை. அவர் ஏன் எடுக்க வேண்டும்?

வாட்ஸ்அப்பைத் திறந்தான். சார், தொட்டிலை இன்று பயன்படுத்த வேண்டாம் என்று அடித்தான். அதைப் பார்த்தால் ஏன் என்று கேட்பார். ஏன் என்று சொன்னால், அவர் நிருபர், நாலு மணிக்கு முன்னால் கையில் கிடைத்த செய்தி, அவர் எழுதாமல் இருந்தால்தான் தப்பு. எழுத்தில் இருக்கும், படம் பிடித்து நந்திதாவுக்குப் போகும், ஐந்தும் திரும்ப வந்துவிட்டது என்றீர்களே தணிகாசலம் என்று நிதானமாகக் கேட்பார், அத்தோடு இவன் கதை முடிந்தது. நாற்பத்து நாலு வயதில் வேறு எந்த ஏஜென்சி எடுக்கும்? அழித்தான். மரியாதையுடன் கேட்டுக்கொள்வது என்று அடித்தான், அதையும் அழித்தான். நாலு மணிக்கு எப்படியும் தெரிந்துவிடப்போகிறது, ஒரு மணி நேரம், ஏழு மாதம் விழாத தொட்டில் இந்த ஒரு மணி நேரத்தில்தானா விழும், நாலு மணிக்கு ஆப்பில் எச்சரிக்கை போய்விடும் என்று மனசு சமாதானத்துக்கு வந்தது. காலையிலிருந்து அது இந்தச் சமாதானத்தில்தான் சாய்ந்துகொண்டிருந்தது, காலை பத்து மணித் தூக்கம் ஒன்றும் ஆகாமல் கழிந்தபோதும் இதையேதான் சொல்லிக்கொண்டான். ஆப்பில் போய்விடும். யாருடைய ஆப்பில்? பிஸ்கட் தட்டை எடுக்க வந்த ஹோட்டல்காரர் சார் எடுத்துக்கட்டுமா என்று இரண்டு தடவை கேட்டார். பெரம்பூரில் இருக்கும் தொட்டிலுக்குச் சொந்தக்காரன் என்று பதிவாகியிருப்பவன் தணிகாசலம். நாலு மணிக்கு அந்த எச்சரிக்கை இதோ இந்த மேஜைமேல், இந்தப் பதிவேட்டுக்கு அடியில் வரும். சரி, மெயில் இருக்கிறது, அறிக்கை முபாரக்குக்கும் போகும், படிப்பார் என்று பார்த்தால், அறிக்கையின் தலைப்பு பெற்றோருடன் கைகோத்து: பாதுகாப்பில் அடுத்த அடி. யாரும் திறக்காத தலைப்பு எழுதுவதில் சென்னையில் அவனுக்கு ஈடில்லை, நந்திதாவே நேற்று ராத்திரி கைதட்டும் படம் அனுப்பியிருந்தார். கொக்கி என்ற சொல் ஐந்தாவது பத்தியில் இருக்கிறது, விழும் என்ற சொல் எங்கேயும் இல்லை. வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு, இருநூறு மெயிலுக்கு நடுவில், எல்லோரும் வீட்டுக்குக் கிளம்புகிற நேரமாகப் பார்த்து அனுப்பச் சொன்னதும் அவன்தான். தன் வேலையை அவன் எவ்வளவு நன்றாகச் செய்திருக்கிறான் என்பது இப்போதுதான் முழுசாகத் தெரிந்தது.

மூன்று பத்து. ஆட்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள், கையெழுத்து, பை, கையெழுத்து, பை, வாங்க சார், வாங்க மேடம், நடிகை வந்துட்டே இருக்காங்க. அவன் வாய் வரவேற்றுக்கொண்டிருந்தது, கட்டைவிரல் மேஜைக்கு அடியில் ஆப்பைத் திறந்தது. பச்சை வட்டம், அதற்குள் தொட்டில் படம் இடமும் வலமுமாகப் போய்வந்துகொண்டிருந்தது. கீழே நிறுத்து என்று ஒரு பட்டன். இவ்வளவு நாளில் அவன் எதையும் அழுத்தியதில்லை, பார்ப்பதோடு சரி. நிறுத்தினால் ஆட்டம் நிற்கும், ஆட்டம் நின்றால் குழந்தை எழுந்துகொள்ளும், அழும், அம்மா வந்து தூக்கிவிடுவார், யாருக்கும் ஒன்றும் சொல்ல வேண்டாம். யாருக்கும் ஒன்றும் சொல்லாமல் ஒரு காரியத்தை முடிக்க வழி கிடைத்தது என்று அவன் உள்ளுக்குள் என்னவோ லேசாக மலர்ந்தது, அதுவும் பழக்கம்தான். அழுத்தினான். தொட்டில் நின்றது. ஒரு பெண் நிருபர் தன் பையில் பேனா இல்லை என்றார், வேறு பை எடுத்துக் கொடுத்தான். போன் அதிர்ந்தது. குழந்தை 1 விழித்தது. அடுத்து உடனே, அழுகை கேட்கிறது. தொட்டில் ஆடத் தொடங்கியது. வேகம் 2. திரும்ப நிறுத்தினான். திரும்ப அதிர்ந்தது. அழுகை கேட்கிறது. வேகம் 3. குழந்தை அழுதால் ஆடத்தானே அதைச் செய்தார்கள், அம்மா வருவதற்கு முன்னால் வந்துவிடும் கை என்று அதற்கு விளம்பர வரி எழுதிக்கொடுத்ததே அவன்தானே. ஏழு மாதமாக அது ஆட்டி ஆட்டி அந்த வீட்டுக்கு நம்பிக்கை வந்திருக்கும், அழுதால் அதுவே பார்த்துக்கொள்ளும் என்று அடுப்படியில் கை வேலையாக இருப்பார்கள். அவன் வாயைத் திறக்காமல் இருப்பதற்காக, தூங்கிக்கொண்டிருந்த பிள்ளையை எழுப்பி, அழவைத்து, உதைக்கவைத்து, அந்த ஆணியின் மேல் மூன்றாம் வேகத்தில் தொங்கவிட்டிருக்கிறான். பயம். பயம் இப்படித்தான் இருக்கும் என்பதையே அவன் மறந்துவிட்டிருந்தான்.

முபாரக்கைத் திரும்பக் கூப்பிட்டான், ஒரே மணியில் துண்டிக்கப்பட்டது, இந்தத் தடவை சொந்தமாகவே அடித்திருந்தார்: இன்னைக்கு வர முடியல தணிகை, பிரஸ் நோட் அனுப்புங்க. ஆப்புக்குத் திரும்பினான். வேகம் 3. பச்சை வட்டத்துக்குக் கீழே, ஓரத்தில், பேசு என்று சின்னதாக ஒரு பட்டன் இருந்தது, வெளியூர் போன அப்பா அம்மா தொட்டிலின் வழியாகக் குழந்தையோடு பேசலாம் என்று வைத்தது. அதை அழுத்தினான். காதில் வைத்ததும் ஒரு வீடு முழுசாகக் கேட்டது. மின்விசிறி, தூரத்தில் குக்கர், டக் டக் என்று கொக்கியின் சத்தம், அதற்கெல்லாம் மேலே அழுகை. எழுத்தாக மட்டுமே ஏழு மாதம் பார்த்த அழுகை. வரிசையில் நின்றவர்கள் கையெழுத்துக்குக் காத்திருந்தார்கள், அவன் எழுந்து நின்றான். வணக்கம் மேடம் என்றது வாய், வேறு எப்படி ஆரம்பிக்கும். அழுகை ஒரு கணம் நின்றது, குரலைக் கேட்டிருக்கும், பிறகு இன்னும் பெரிதாக எழுந்தது. தணிகாசலம் குரலை உயர்த்தினான். ஹாலுக்குள் மைக் சோதித்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

"அம்மா, பாப்பாவைத் தொட்டில்லேர்ந்து தூக்கிடுங்க. யாராவது இருக்கீங்களா, பாப்பாவைத் தூக்கிடுங்க."

குக்கர் சத்தம் அடங்கியது, காலடி வந்தது, யாருங்க அது, யாரு பேசறது என்று பயந்த குரலில் கேட்டார் முபாரக்கின் மனைவி.

"மொதல்ல தூக்குங்கம்மா. அந்தக் கொக்கி சரியில்ல. விழுந்துடும்."

விழுந்துடும். பத்தொன்பது வருஷத்தில் அந்தச் சொல்லை அவன் ஒரு கம்பெனிக்கும் எழுதிக்கொடுத்ததில்லை. ஒரு சலசலப்பு, டக் டக் சத்தம் காலியாக வேகமெடுத்தது, அழுகை தொட்டிலிலிருந்து விலகி மேலே போனது. வாடா, வா, ஹானா, ஒண்ணுமில்லடா, ஒண்ணுமில்ல என்ற குரல் மட்டும் கேட்டது. தூக்கிட்டேன் என்றார் பிறகு, மூச்சு வாங்கியது, நீங்க யாருங்க? அன்றைக்கு வந்து மாட்டிக்கொடுத்தவன் என்றான். டீல சக்கரை வேணாம்னீங்களே, அவரா? அவன்தான் என்றான். சுவரில் ஸ்விட்சை அணைத்துவிடச் சொன்னான், இனி அதில் படுக்கவைக்கவே வேண்டாம் என்றான், நேற்றே தெரியும், நேற்றே சொல்லியிருக்கணும், மன்னிச்சிடுங்க என்றான், முபாரக் சாரைக் கூப்பிட்டுச் சொல்லச் சொன்னான், நீங்கள் கூப்பிட்டால் எடுப்பார் என்றான். அந்தப் பக்கத்தில் குழந்தை விக்கிக்கொண்டே அடங்குவது மட்டும் கேட்டது. போனைக் கீழே இறக்கினான். கன்னத்தைத் தொட்டான், தொட்டது தெரிந்தது.

குணசீலன் சோபாவிலிருந்து எழுந்து மேஜைக்கு வந்திருந்தார். எந்தத் தொட்டில் தணிகை என்று மெதுவாகக் கேட்டார். நாலு மணிக்கு மெயில் வரும் சார் என்று சொல்ல இன்னும் நேரம் இருந்தது, வரிசையில் நின்றவர்கள் பாதிப் பேருக்கு எதுவும் புரிந்திருக்கவில்லை. தணிகாசலம் கம்பெனியின் பெயரைச் சொன்னான். குணசீலன் பைக்குள்ளிருந்து கிரைண்டர் கம்பெனியின் புது நோட்டை எடுத்து, அதே கம்பெனியின் பேனாவால் எழுதினார். கொக்கி, ஆணி, ஆறு வீடு, ஒரு குழந்தைக்குக் காறை எலும்பு என்று இவன் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டே வந்து, கடைசியில் பேனாவை நிறுத்தினார்.

"யாரு சொன்னதா போடறது?"

வட்டாரங்கள் தெரிவித்தன என்று போடலாம். பெயர் வெளியிட விரும்பாத ஒருவர் என்று போடலாம். ஊரில் அந்த ஒருவராகவே அவன் இத்தனை வருஷம் இருந்திருக்கிறான்.

"என் பேரைப் போடுங்க சார்."

குணசீலன் எழுதினார். கீழே நடிகை வந்துவிட்டார் என்று யாரோ ஓடிவந்து சொன்னார்கள், வரிசை கலைந்து ஹாலுக்குள் போனது. போன் அதிர்ந்தது, நந்திதாவாக இருக்கும் என்று எடுத்தான், இல்லை. தொட்டில் காலியாக உள்ளது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பச்சை வட்டம் சாம்பல் நிறமானது, ஸ்விட்சை அணைத்துவிட்டார்கள். இனி அது அதிராது. இன்று சாயங்காலம் சுகந்தி தூங்கிடுச்சா என்று கேட்பாள், தெரியாது என்றுதான் சொல்ல வேண்டியிருக்கும், இன்றைக்கு மட்டும் இல்லை, இனி எப்போதும். பேர் மட்டும் தெரியும், ஹானா என்று சொல்லலாம்.